தரமில்லாத மாத்திரைக்குத் தயாரித்த கம்பெனி மேல் குற்ற வழக்கு வருமா?

சேலம் ஐந்து ரோட்டு மருந்துக்கடையில் அதிகாரி சோதனைக்கு எடுத்த மாத்திரை, அரசு ஆய்வகத்தில் தேறாமல் போனால் வரலாம். 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, தரமில்லாத மருந்தை விற்பனைக்காகத் தயாரிப்பதே குற்றம். மாத்திரையைப் பார்த்து நோயாளியால் தரம் சொல்ல முடியாதே, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

நம்மூர் ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் காயாதது தரக்குறைவு. மரவள்ளி மாவே இல்லாமல் மக்காச்சோள மாவில் செய்து அடுத்தவர் பெயர் போட்ட மூட்டையில் கட்டினால் போலி. மருந்திலும் இதே வித்தியாசம்தான். வெறும் தரக்குறைவுக்குப் பொதுவாக 1 முதல் 2 ஆண்டு சிறை. போலி மருந்தால் உயிர் போனால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரைகூடப் போகலாம்.

அப்புறம், எப்போதும் கடைக்காரர்தான் மாட்டுவார் என்பது தவறு: உரிமம் உள்ளவரிடம் வாங்கி, குறை தெரியாமல், வந்தபடியே ஒழுங்காக வைத்திருந்தால் அவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.