பில் தானாகப் போகிறது, மானியை யார் பார்ப்பது? புது வீட்டுக்காரரின் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வன்னியில் பரந்தனிலிருந்து நெடுங்கேணி வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அனேகமாக எல்லாம் ஒரே கேள்விதான். வீடு புதிது, சாமான்கள் எல்லாம் சிக்கனமானவை, மின்கட்டணத்துக்கு வங்கியில் நிலையான கட்டளையும் (மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) கொடுத்தாயிற்று. பிறகும் ஏன் இவ்வளவு பணம் போகிறது? மின் அத்தியட்சகராக இருந்த பழக்கத்தில் சில இடங்களில் என் பதில் அதட்டலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டண வீதங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாயை விட்டுவிட்டு அலகில் பேசுகிறேன். ஒரு கிலோவாட் சாமான் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் அலகு.

வட்டக்கச்சி: ஐயா, தை மாதம் குடிபூரல் செய்தோம். எல்லா மின்குமிழும் எல்.ஈ.டி., பிரிட்ஜ் இன்வேட்டர் வகை. மேலே தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கிறோம். பழைய வீட்டில் மாதம் 55 அலகு வந்தது, இங்கே 68. அலகு கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, பணமோ இரண்டு மடங்குக்கு மேல். வங்கி கூடுதலாக எடுத்துவிட்டதா?

வங்கியைத் திட்டாதீர்கள். மின்பட்டியலில், அதாவது பில்லில், என்ன தொகை இருக்கிறதோ அதைத்தான் வங்கி எடுத்திருக்கிறது. உங்களை அடித்தது 60 என்ற எல்லை. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. மாதம் 60 அலகுக்குள் நின்றால் மலிவான அட்டவணை. 60ஐத் தாண்டினால், தாண்டிய எட்டு அலகுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் அலகிலிருந்தே மற்ற அட்டவணைக்கு மாறிவிடுகிறீர்கள், மாதாமாதம் அலகு விலைக்கு மேலே கட்டும் நிலையான கட்டணமும் அதோடு ஏறிவிடுகிறது. 90, 120, 180 என்று மேலும் படிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நிலையான கட்டணம் இன்னும் ஏறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 60 என்பது 30 நாளுக்கான கணக்கு. மானி வாசிப்பவர் 33ஆம் நாள் வந்தால் எல்லை 66 ஆக விரியும். ஆகவே பட்டியலில் அலகைப் பார்க்கும்போது நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். "பிந்தி வந்து என்னைக் கூடிய படியில் ஏற்றிவிட்டான்" என்று வாசிப்பவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

சரி, கூடிய 13 அலகு எங்கிருந்து வந்தது? எல்.ஈ.டி.யிலிருந்து அல்ல. 10 வாட் குமிழ் தினமும் ஐந்து மணிநேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகுதான். உங்கள் தண்ணீர்த் தாங்கியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அதற்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைவலு மோட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தினமும் அரைமணி நேரம் ஓடினால் மாதம் 15 அலகு. தாங்கி நிரம்பி வழிந்து சுவரில் பாசி பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிடித்திருந்தால், தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் ஒன்று பூட்டுங்கள். கிணற்றுக்குள் குழாய்த் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வ் ஒழுகினாலும் மோட்டர் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

புதுக்குடியிருப்பு: மாதம் 2,000 ரூபாய் மின்சார சபைக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். ஒழுங்காகப் போகிறது. ஆனால் பட்டியலில் நிலுவை காட்டுகிறதே?

அக்கா, நீங்கள் எழுதிக் கொடுத்தது குறித்த தொகையை அனுப்பும் கட்டளை. பட்டியல் 2,600 வந்தாலும் வங்கி 2,000தான் அனுப்பும். மிச்சம் நிலுவையாகச் சேரும், சேர்ந்துகொண்டே போனால் துண்டிப்பு அறிவித்தல் வரும். பட்டியல் 1,500 வந்தால் 500 முற்பணமாக நிற்கும், அது எங்கும் ஓடிவிடாது. பட்டியலில் உள்ள முழுத் தொகையையும் எடுக்கும் வகை வேண்டுமென்றால் வங்கியில் அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் கட்டளை நிறைவேறாது. சில வங்கிகள் அதற்கும் ஒரு கட்டணம் வெட்டும். படிவத்தில் மின்கணக்கு இலக்கம் 10 இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் பிசகினால் நீங்கள் யாரோ ஒருவரின் வீட்டுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

லண்டனிலிருந்து, வீடு ஒட்டுசுட்டானில்: அண்ணா, வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டு வந்தோம். ஒருவரும் இல்லை. மாதாமாதம் 40 அலகு என்று பட்டியல் வருகிறது. அதுவும் தானாகக் கட்டப்படுகிறது.

தம்பி, ஆளில்லாத வீட்டுக்கும் நிலையான கட்டணம் உண்டு, அது நியாயம். 40 அலகுக்கு மட்டும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கேற்றைப் பூட்டி மானியை உள்ளே வைத்திருக்கிறீர்களா? வாசிக்க முடியாவிட்டால் உத்தேசக் கணக்குத்தான் வரும். பட்டியலில் உள்ள வாசிப்பும் மானியில் உள்ள வாசிப்பும் ஒன்றா என்று பக்கத்து வீட்டாரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வாசிப்பு உண்மையாகவே ஏறியிருந்தால் அடுத்த சோதனை இது. புதிய இலத்திரனியல் மானியில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். அதன் அருகே 1600 அல்லது 3200 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அலகுக்கு அத்தனை சிமிட்டல் என்பது பொருள். 1600 மானியில் 1,000 வாட் அயன் போட்டால் இரண்டேகால் விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். உள்ளே பிரதான சுவிட்சை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். சிமிட்டல் நின்றால் வீட்டுக்குள் ஏதோ ஓடுகிறது: வெறும் பிரிட்ஜ், கமரா, வெளி விளக்கு. நிற்காவிட்டால் மானிக்கும் பிரதான சுவிட்சுக்கும் இடையில் வேறு இணைப்பு இருக்கிறது. அதை யாரும் கையால் தொடக்கூடாது. 1987க்கு அழைத்து முறையிடுங்கள்.

விசுவமடு: ஐயா, மகள் இங்கிலாந்தில் புது வீடு வாங்கி ஏப்ரலில் போனாள். எரிவாயு இல்லை, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் வீடு, மிகச் சிக்கனமானது என்றுதான் விற்றார்கள். மின்கம்பனிக்காரர் டைரக்ட் டெபிட்டில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக, மாதம் 150 பவுண் எடுக்கிறார்கள். இப்போது செப்டெம்பர், மின்கம்பனியில் அவள் கணக்கில் 400 பவுண் சொச்சம் மிச்சம் நிற்கிறது. ஏமாற்றுகிறார்களா?

அம்மா, பயப்படாதீர்கள். இது அங்குள்ள முறை, எங்களுடையதைப் போல் அல்ல. இங்கே அந்த மாதம் எரித்ததற்கு அந்த மாதம் கட்டுகிறோம். அங்கே பெரும்பாலானோர் வருடச் செலவை மதிப்பிட்டுப் பன்னிரண்டால் பிரித்துக் கட்டுகிறார்கள். 150 என்றால் வருடத்துக்கு 1,800 ஆகும் என்று கம்பனி நினைக்கிறது. கோடையில் அவளுக்கு மாதம் 80 பவுண் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 70 மிஞ்சும், ஆறு மாதத்தில் 420. ஒக்டோபரிலிருந்து மாதம் 220 ஆகும், மிஞ்சியது முழுவதும் மார்ச்சுக்குள் கரைந்துவிடும். அறுவடையில் மிஞ்சும் நெல்லைப் பிந்திய மாதங்களுக்குச் சேர்த்து வைப்பதுபோலத்தான். ஆகவே இப்போதே அந்த 400ஐத் திருப்பிக் கேட்டு வாங்கிச் செலவழித்தால் தை மாதம் மகள் முழிப்பாள்.

ஆனால் அந்த 1,800 சரிதானா என்பது வேறு கேள்வி, மகள் அதைத்தான் கேட்க வேண்டும். புது வீட்டுக்குப் பழைய பாவனைக் கணக்கு கிடையாது. அறைகளின் எண்ணிக்கையையும் வீட்டின் வகையையும் வைத்து ஊகித்திருப்பார்கள். ஹீட் பம்ப் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம் தரும். என்றாலும் சூடாக்கல், சுடுநீர், சமையல் எல்லாம் அந்த ஒரே மின்பட்டியலில் விழும். எரிவாயு வைத்திருக்கும் சிநேகிதியின் மின்பட்டியலோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது: சாவி வாங்கிய நாளில் மானி வாசிப்பைப் படம் எடுத்தாளா? கம்பனி அதே எண்ணிலிருந்துதான் தொடங்கியதா? புதுக் குடியிருப்புகளில் வீட்டு இலக்கத்துக்கும் காணித்துண்டு இலக்கத்துக்கும் குழப்பம் வந்து, பக்கத்து வீட்டு மானிக்குப் பணம் கட்டுவது நடக்கிற காரியம். ஒட்டுசுட்டான் தம்பிக்குச் சொன்ன சுவிட்ச் சோதனை அங்கேயும் செல்லும்.

அங்கே சில பாதுகாப்புகளும் உண்டு. டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி தொகையை மாற்றுவதானால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிழையாக எடுத்தால் வங்கி முழுவதையும் உடனே திருப்பித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு முன் எரித்த, ஆனால் கம்பனியின் தவறால் பட்டியலிடாமல் விட்ட மின்சாரத்துக்கு இப்போது பணம் கேட்க முடியாது. 2019 ஜனவரி முதல் அங்குள்ள எரிசக்தி ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு இருக்கிறது. அது அலகு விலைக்கும் நாட்கட்டணத்துக்கும் (நாளுக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம்) மட்டும்தான் வரம்பு, மொத்தப் பட்டியலுக்கு அல்ல. செய்தியில் சொல்லும் பவுண் தொகையைக் கேட்டு "அதற்கு மேல் எடுக்க முடியாது" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஏப்ரல் வந்த பிறகும் பெருந்தொகை மிச்சம் நின்றால் திருப்பிக் கேட்கலாம், மாதத் தொகையைக் குறைக்கவும் கேட்கலாம். முறைப்பாடு செய்து எட்டு வாரத்தில் தீராவிட்டால் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

மாங்குளம்: கூரையில் 5 கிலோவாட் சோலர் போட்டிருக்கிறேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது என் வீட்டிலும் இல்லை. உச்சி வெயிலில் தகடு சும்மா இருந்தது. இதற்கா இவ்வளவு செலவு?

லைனில் மின்சாரம் நின்றால், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் உங்கள் இன்வேட்டரும் நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் கூரையிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் வேலை செய்யும் பொடியனைக் கொன்றுவிடும். மின்தடையின்போதும் வெளிச்சம் வேண்டுமென்றால் மின்கலமும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேட்டரும் தேவை, அது தனிச் செலவு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்களுக்கு ஒரு மத்தியானம் விசிறி இல்லாமல் இருப்பது பெரிய காரியமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பணம் போட்டவருக்கு அப்படிச் சொல்லக்கூடாது.

நெடுங்கேணி: நாங்களும் சோலர் போடப் போகிறோம். போட்ட பிறகு நிலையான கட்டளையை நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எந்த ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது. 2010இல் வந்த நெற் மீற்றரிங் முறையில் மிஞ்சிய அலகு அடுத்த மாதத்துக்குப் போகும், காசாக வராது. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலர் திட்டத்தோடு வந்த நெற் அக்கவுண்டிங்கில் மிஞ்சிய அலகுக்குக் காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அலகுக்கு எவ்வளவு என்பது நீங்கள் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் இருப்பதுதான். முன்பு போட்டவருக்குக் கிடைக்கும் விலையைக் கேட்டுக்கொண்டு கடன் எடுக்காதீர்கள். எங்கள் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 அலகு எதிர்பார்க்கலாம். கார்த்திகை, மார்கழி மழையில் அது படுத்துவிடும், அந்த மாதங்களில் நீங்கள் கட்ட வேண்டியும் வரலாம். கட்டளை இருக்கட்டும். கிரவல் வீதியோரமென்றால் தகட்டில் படியும் செம்மண்ணைக் காலையில், தகடு சூடேறுமுன், கழுவுங்கள்.

மல்லாவி: கொங்கிரீட்டில் பிளாட் (தட்டைக் கூரை) போட்ட வீடு. இரவில் அடுப்புக்குள் படுத்ததுபோல் இருக்கிறது. இன்வேட்டர் ஏசி போட்டால் செலவு வராதாமே?

வரும். குறைவாக வரும், அவ்வளவுதான். கொங்கிரீட் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில்தான் இறக்கும். முதலில் மேல்தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடியுங்கள் அல்லது அதன்மேல் காற்றோடும் இடைவெளி விட்டுத் தகரக் கூரை போடுங்கள். மேற்குப் பக்கம் ஒரு வேம்பு வையுங்கள். விசிறியை மாற்றினாலும் மிச்சம் உண்டு. 75 வாட் பழைய விசிறி தினமும் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22 அலகு, பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டர் உள்ள 30 வாட் விசிறி 9 அலகு. 60ஐச் சுற்றி நிற்கும் வீட்டுக்கு அந்த 13 அலகு என்ன செய்யும் என்பதை வட்டக்கச்சிக்காரரிடம் கேளுங்கள்.

தர்மபுரம்: கைத்தொலைபேசி சார்ஜரைக் கழற்றி வைத்தால் பில் குறையுமா?

கண்ணுக்குத் தெரியாது. மோட்டரைப் பாருங்கள்.

கனகராயன்குளம்: வீட்டின் முன்பக்கத்தில் சின்னக் கடை போட்டேன், ஒரே மானிதான். பிரச்சினையா?

பட்டியலில் கட்டண வகை டி-1 என்று இருந்தால் அது வீட்டுப் பாவனைக்கு மட்டும். கடைக்குத் தனி இணைப்பு எடுங்கள்.

வவுனியா: வீட்டை விற்கிறோம். கட்டளையை எப்போது நிறுத்துவது?

உறுதி எழுதும் நாளில் வாங்குபவரையும் வைத்துக்கொண்டு மானியைப் படம் எடுங்கள். அந்த வாசிப்புவரை கணக்கை முடித்து, மின்சார சபை நுகர்வோர் நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள், கட்டுப்பணத்தை (இணைப்புக்கான வைப்புப் பணம்) பற்றியும் அங்கேயே கேளுங்கள். கடைசிப் பட்டியல் கட்டப்பட்ட பிறகு வங்கிக்கு எழுத்தில் அறிவித்துக் கட்டளையை நிறுத்துங்கள், பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் வாங்கியவர் போடும் ஏசிக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.