வேம்பநாட்டுக் காயலில் குடும்பத்துடன் ஒரு பகலும் ஓர் இரவும்: கேள்வி பதில்

ஆலப்புழையில் குடியிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் படகு வீடு பேசி அமர்த்திக் கொடுத்துப் பழகிய அன்பர் ஒருவரிடம், காயலில் குடும்பத்துடன் தங்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஒப்படைத்தோம். அவருடைய பதில்கள் கீழே.

கேள்வி (சென்னை): வயதான பெற்றோர், நானும் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், மூன்று குழந்தைகள் என ஒன்பது பேர் வருகிறோம். பகல் பயணம் மட்டும் போதுமா, இரவும் தங்க வேண்டுமா?

பதில்: முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். இரவு தங்கும் படகில் பொதுவாக நண்பகல் 12 மணிக்கு ஏற்றுவார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். கேட்பதற்கு 21 மணி நேரம் என்றாலும், மதிய உணவுக்காகக் கரையோரம் நிறுத்தும் நேரத்தையும் மாலை ஐந்தரைக்குப் பிறகு கட்டிப்போடும் நேரத்தையும் கழித்துவிட்டால், படகு உண்மையில் ஓடுவது முதல்நாள் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், மறுநாள் காலை சுமார் ஒரு மணி நேரமும்தான். பகல் பயணத்திலும் ஏறத்தாழ அதே அளவு ஓட்டம் கிடைத்துவிடும். ஆகவே இரவு தங்குவதற்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பயணத்துக்கானது அன்று. வெயில் தணிந்த மாலைக்கும் விடியற்காலைக்கும் உரியது. அவ்வளவு தூரத்திலிருந்து மூன்று தலைமுறையாக வரும் நீங்கள் ஓர் இரவு தங்குவதே சரி என்பேன். இரண்டாவது இரவு வேண்டவே வேண்டாம். அதே வாய்க்கால்களையும் அதே சாப்பாட்டையும் திரும்பப் பார்த்தால் குழந்தைகள் சலித்துப்போவார்கள். மூன்று படுக்கையறை உள்ள படகு உங்களுக்குப் போதும்.

கேள்வி (திருச்சி): நிலவொளியில் இரவு முழுவதும் படகு மிதந்துகொண்டே போகும் என்று எண்ணியிருந்தோம். மாலையிலேயே கட்டிவிடுவார்கள் என்று இப்போது சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. இருட்டிய பிறகு காயல் மீனவர்களுடையது. அவர்கள் மாலையில் வலை விரிப்பார்கள். இயந்திரப் படகுகள் குறுக்கே ஓடினால் வலை அறுந்து பிழைப்பு கெடும். இருட்டில் சுற்றுலாப் படகை ஓட்டுவது ஆபத்து என்பதும், அதற்கு அனுமதி இல்லை என்பதும் கூடுதல் காரணங்கள். இரவிலும் ஓட்டுகிறோம் என்று எவராவது உறுதி சொன்னால் அந்தப் படகைத் தவிர்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பணம் கட்டுவதற்கு முன், "இரவு எந்த இடத்தில் கட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில், ஒரு குடும்பம் மகிழ்ச்சியாகத் திரும்புவதையும் முணுமுணுத்துக்கொண்டு திரும்புவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். ஆலப்புழை நகரை ஒட்டிய புன்னமடைப் பக்கத்தில் படகுகளை வரிசையாக, ஒன்றோடொன்று உரசும்படி கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கத்துப் படகில் ஒலிபெருக்கியில் பாட்டு, அந்தப் பக்கத்துப் படகில் ஜெனரேட்டரின் இரைச்சலும் டீசல் வாடையும் என்றால், நீங்கள் தங்கும் அறை எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? சற்று உள்ளே, கைநகரிப் பக்கத்து வரப்போரங்களில் தனியாகக் கட்டும் படகுக்காரர்களும் உண்டு. சில இடங்களில் கரையிலேயே மின்கம்பம் இருக்கும். படகைக் கட்டியதும் பணியாளர் அங்கிருந்து வயரை இழுத்து மாட்டிவிட்டு ஜெனரேட்டரை அணைத்துவிடுவார். அந்த வசதி உள்ள இடமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): ஐயா, எங்களுக்கு நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படகு விபத்துச் செய்திகளைப் படித்ததிலிருந்து மனைவிக்கு அச்சம். பாதுகாப்பை எப்படிச் சோதிப்பது?

பதில்: அச்சம் நியாயமானது, அதை அடக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகம் நோக்கி இதே காயலைக் கடந்த பயணிகள் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். தானூரில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் நீங்கள் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்: மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியிருந்தார்கள், அளவுக்கு மீறி ஆளேற்றினார்கள், இருட்டிய பிறகு ஓட்டினார்கள்.

எனவே படகின் பதிவுச் சான்று, ஆண்டு ஆய்வுக்குப் பின் தரப்படும் தகுதிச் சான்று, காப்பீடு ஆகிய மூன்றின் படத்தையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கேரள மாரிடைம் போர்டில் முறையாகப் பதிவு செய்தவர் இதற்குத் தயங்கமாட்டார். அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கை சான்றிதழிலேயே இருக்கும். "சின்னப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்குக்கு உரிமம் உண்டா என்றும் கேட்கலாம். அடுத்தது லைஃப் ஜாக்கெட். இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள்; ஏறியவுடன் எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். பல படகுகளில் அவை பெரியவர் அளவில், மூட்டை கட்டி, மேலே எங்கேயாவது செருகப்பட்டிருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும். குழந்தை அளவில், தொடைகளுக்கு இடையே வரும் பட்டையுடன் உள்ளதை நீங்களே வாங்கி வருவதுதான் உத்தமம்.

படகின் முன்பக்கத் திண்ணையில் கைப்பிடிக் கம்பிகள் தாழ்வாகவும் இடைவெளி அதிகமாகவும் இருக்கும். எல்லாரும் கூடி உட்காரும் இடமும் அதுதான் என்பதால், பெரியவர்கள் முறைபோட்டு ஒருவர் பிள்ளைகளை மட்டுமே கவனிக்க வேண்டும். மேல்தளம் உள்ள படகு பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும், ஓடும்போது எல்லாரும் மேலே ஏறிக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒற்றைத்தளப் படகையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க முடியுமா?

பதில்: கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை போடுவார்கள், அல்லது ஒரு பெரிய எட்டு வைத்துத் தாண்டச் சொல்வார்கள், பல நேரங்களில் இன்னொரு படகின் வழியாக நடந்துதான் உங்கள் படகுக்குப் போக முடியும். முன்கூட்டியே சொல்லிவிட்டால், படியுள்ள துறையில் படகைத் தனியாக ஒட்டி நிறுத்திக் கைகொடுத்து ஏற்றுவார்கள். மேற்கத்தியக் கழிப்பறை எல்லாப் படகிலும் உண்டு. ஆனால் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும், தரையும் வழுக்கும். அம்மாவுக்கு முன்பக்கத் திண்ணையை ஒட்டிய அறையைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்க அறைகளுக்கு இயந்திரச் சத்தமும் சமையலறைப் புகையும் வரும்.

கேள்வி (நாகர்கோவில்): ஆலப்புழையில் ஏறுவதா, குமரகத்தில் ஏறுவதா?

பதில்: வேம்பநாடு இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி, ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் சுமார் 96 கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. குமரகம் அதன் கிழக்குக் கரை. அங்கே ஏறினால் அகன்ற நீர்ப்பரப்பும், பறவைகள் சரணாலயமும், நீரின்மேல் மேற்கே இறங்கும் சூரியனும் கிடைக்கும். ஆலப்புழை தென்மேற்கு முனை. அங்கே வாய்க்கால்களின் இருபுறமும் வீடுகள் இருக்கும். துணி துவைப்பவர்கள், பள்ளிக்கூடம் விட்டுப் படகுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வரப்பை ஒட்டி நூற்றுக்கணக்கில் மேயும் வாத்துகள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். குழந்தைகளுக்கு ஆலப்புழை, அமைதியை நாடும் பெரியவர்கள் மட்டும் என்றால் குமரகம்.

கேள்வி (திருநெல்வேலி): கரையைவிட வயல்கள் தாழ்வாக இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

பதில்: உண்மைதான், இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்தது வேறில்லை. குட்டநாடு என்னும் இந்தத் தாழ்நிலப் பகுதியில் காயலின் ஒரு பகுதியைச் சுற்றிச் சேறும் கல்லும் கொண்டு வரப்பெழுப்பி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றி, அந்தத் தரையில் நெல் விளைவிக்கிறார்கள். படகின் திண்ணையில் நின்று பார்த்தால், நீங்கள் மிதக்கும் நீர்மட்டம் மேலேயும் நெற்கதிர்கள் கீழேயும் இருப்பது கண்ணுக்கே தெரியும். இடையில் தென்னை நட்ட ஒரு வரப்பு மட்டும். கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. கைநகரிப் பக்கத்து வயல்களை ஒட்டிப் படகைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வந்தால் பயிரோடு பார்க்கலாம்.

அகன்ற காயலுக்குள் போனதும், சிறு வள்ளத்தில் நின்றபடி நீண்ட மூங்கில் கழியின் முனையில் கட்டிய வலைப்பையால் அடிமண்ணை வாரி எடுப்பவர்களைக் காட்டுங்கள். அவர்கள் வாருவது கக்கா எனப்படும் கருஞ்சிப்பி. சதை உணவுக்குப் போகிறது. ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். நீங்கள் தங்கும் படகே ஒரு பாடம்தான்: பழைய கெட்டுவள்ளம் என்பது ஆஞ்ஞிலி மரப் பலகைகளை ஓர் ஆணிகூட அடிக்காமல் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தேங்காய் நார் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெய் பூசிச் செய்த, நெல் ஏற்றிச் செல்லும் படகு. சாலைகளும் லாரிகளும் வந்து பிழைப்புப் போன பின்னர்தான் அதற்கு மூங்கில் கூரை வேய்ந்து அறைகள் கட்டினார்கள்.

கேள்வி (புதுச்சேரி): பாய்மரப் படகில் தங்க வாய்ப்பு உண்டா?

பதில்: பழைய வள்ளங்கள் கழி ஊன்றியும் காற்று வாக்கில் பாய் விரித்தும் ஓடியவைதான். இன்றைய படகு வீடுகள் பெரும்பாலும் டீசல் இயந்திரத்தில் ஓடுகின்றன. இயந்திர ஓசை இல்லாமல் நீரை அனுபவிக்க வேண்டுமானால், மறுநாள் காலை 6 மணிக்குத் துடுப்பு வள்ளம் ஒன்றை ஒரு மணி நேரத்துக்குத் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள். படகு வீடு நுழைய முடியாத ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் அது போகும். என்னைக் கேட்டால், மொத்தப் பயணத்திலும் அந்த ஒரு மணி நேரம்தான் சிறந்தது.

கேள்வி (சேலம்): எந்த மாதம் நல்லது? கட்டணம் எப்போது குறைவு?

பதில்: நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை வானிலை நன்றாக இருக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கட்டணமும் கூட்டமும் அப்போது உச்சம். அக்டோபரில் பிற்பகல் இடி மின்னல் வரும். ஜூன், ஜூலையில் கட்டணம் குறைவு. மழையை ரசிப்பவர்களுக்கு நல்ல காலம்தான் என்றாலும், வெள்ள எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள், முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று முன்பே எழுதி வாங்குங்கள். நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் நாளில் புன்னமடையில் படகு வீடுகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

இன்னொன்று: உப்புநீர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை டிசம்பர் நடுவில் மூடிவிடுவார்கள். அதன்பின் தெற்குப் பகுதியில் நீரோட்டம் குறைந்து, சில வாய்க்கால்களை ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும். வழி மாறினால் படகுக்காரரைக் கோபிக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு எப்படி?

பதில்: பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், மீன் பொரித்த எண்ணெயையும் சட்டியையும் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மட்டை அரிசி உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் வெள்ளைச் சோறு கேட்டால் வடிப்பார்கள். மாலைத் தேநீருடன் பழம்பொரி வரும்.

அசைவம் உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கரிமீன் வறுவல் மதியச் சாப்பாட்டிலேயே அடங்கும். அதற்குமேல், வழியில் ஒரு மீன்கடை வாசலில் படகை நிறுத்துவார்கள். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து நீலக் கால் கொஞ்சு எனப்படும் பெரிய இறாலை எடுத்து உங்கள் கண்முன்னே நீட்டுவார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. வாங்கினால் கிலோ விலையைப் பேசி முடித்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஏ.சி. படகு என்று சொல்லிப் பதிவு செய்தோம், பகலில் ஏ.சி. போட மறுத்தார்கள் என்று நண்பர் குறைபட்டார். இது வழக்கமா?

பதில்: ஆம், சாதாரண ஏ.சி. படகுகளில் படுக்கையறையில் மட்டும், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரைதான் ஓடும். பகல் முழுவதும் வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கட்டணம் உள்ள படகைப் பிடிக்க வேண்டும். திண்ணையில் காற்று வருவதால் பகலில் அது தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. ஆனால் இரவு நிறுத்தாமல் ஓட வேண்டும் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்தால் கொசு.

கேள்வி (தஞ்சாவூர்): பிள்ளைகள் காயலில் நீந்தலாமா?

பதில்: கூடாது. சேறு ஆழமாக இருக்கும், படகுகளின் கழிவும் டீசலும் கலந்த நீர் அது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும் பகுதியும்கூட. காலில் புண் இருந்தால் வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம். நீந்தியே ஆக வேண்டும் என்றால், நீச்சல்குளம் உள்ள விடுதியில் அடுத்த நாள் தங்குங்கள்.

கேள்வி (விழுப்புரம்): அவ்வளவு செலவு செய்ய இயலாது. குறைந்த செலவில் காயலைப் பார்க்க வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஆலப்புழையிலிருந்து பயணிகள் படகுகளை இயக்குகிறது. கட்டணம் பேருந்துக் கட்டணம் போலத்தான். கோட்டயம் வரை போகும் படகு காயலையும் வாய்க்கால்களையும் கடந்து செல்கிறது. முகம்மையிலிருந்து குமரகத்துக்குப் போகும் படகு காயலின் குறுக்கே கடக்கும். அதே துறையின் 'வேகா' என்னும் சுற்றுலாப் படகு பாதிராமணல் தீவுவரை பகலில் கூட்டிச் சென்று திரும்பும். இரவுக்கு ஆலப்புழையில் ஒரு ஹோம்ஸ்டேயில் வாய்க்கால் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, படகு வீட்டுக்கு ஆவதில் சிறு பகுதிதான் செலவாகும்.

கேள்வி (சென்னை): இரவு ரயிலில் வந்தால் அன்றே படகு ஏற முடியுமா? திரும்பும் நாளில் பெட்டிகளை என்ன செய்வது?

பதில்: சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் வந்து சேர்ந்துவிடும், நண்பகல் படகுக்குச் சரியாக இருக்கும். ரயில் தாமதமானால் படகுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காத்திருப்பார். ஆனால் மாலை கட்டும் நேரம் தள்ளிப்போகாது, இழப்பு உங்கள் ஓட்ட நேரத்தில்தான். திரும்பும் ரயில் பிற்பகலில்தான். 9 மணிக்கு இறங்கியபின் பெட்டிகளைப் படகுக்காரரின் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே கடற்கரை இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்விட்டு, சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.