மகனின் தும்மலுக்கு மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குக் காலையில் எழுந்தால் ஓயாத தும்மல், சில இரவுகளில் இழுப்பு. இரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ பார்த்தால் ஒவ்வாமை துல்லியமாகத் தெரியும் என வாசித்தேன். கொழும்பில் செய்விக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அதைத் தேடி அலைய வேண்டாம். அது இன்னும் ஆய்வுகூடத்து விஷயம்தான். மைக்ரோ ஆர்என்ஏ என்பது உயிரணுக்களில் உள்ள, சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள சிறு இழை. தானாகப் புரதம் எதையும் ஆக்காது. மற்ற மரபணுக்களின் செய்தியை அடக்கும். 1993இல் ஒரு சிறு புழுவில் இதை முதலில் கண்டதற்காகவே விக்டர் அம்புரோசுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வாமையில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடும்போது, ஒவ்வாமையை அடக்க உதவும் இன்டர்லூகின்-12 என்ற புரதம் குறைகிறது. உடல் ஒவ்வாமைப் பக்கம் சாய்கிறது. ஆனால் அதே மிர்-21 புற்றுநோயிலும் கூடும். மகனுக்கு ஆகாதது வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய தூசு உண்ணியா, இறாலா என்று அது சொல்லாது.

இரத்தம் எடுக்கும் விதமே முடிவை மாற்றிவிடும் என்பது பெரிய சிக்கல். சிவப்பணு சிறிது உடைந்தாலும் அதிலிருந்து மிர்-451, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் கொட்டிவிடும். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் இட்ட குழாயில் எடுத்தால், இழையைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் முறை தடைப்படும்; ஈடிடிஏ என்ற வேறு உறைதடுப்புப் பொருள் இட்ட குழாய்தான் பொருத்தம். குருதித்தட்டுகள் மிஞ்சாதிருக்க இரண்டு முறை சுழற்றிப் பிரிக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் ஒப்பிடும் அளவுகோலும் வேறு. ஆகவே 'இதற்கு மேல் ஒவ்வாமை' என்று எல்லோரும் ஏற்ற எல்லை இல்லை.

அதற்குப் பதிலாக, ஒவ்வாமைப் பொருளைத் தோலில் இட்டு மெல்லக் குத்திப் பார்க்கும் தோல் குத்துப் பரிசோதனை 15–20 நிமிடத்தில் விடை தரும். ஒவ்வாமைப் பொருள் இல்லாத திரவத்தை இட்டுக் குத்திய ஒப்பீட்டுப் புள்ளியைவிட 3 மில்லிமீற்றராவது பெரிய தடிப்பு வந்தால் நேர்மறை. செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை வைத்தியரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் தடிப்பு எழாது. நிறுத்த முடியாவிட்டால், குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக உடல் ஆக்கும் ஐஜிஈ என்ற ஒவ்வாமைப் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை செய்யலாம். அதை மாத்திரை பாதிக்காது. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தை மட்டும் பரிசோதனைக்காக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு அந்த இரவு இழுப்புத்தான் கவலை. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். மார்பு வைத்தியரிடம், நுரையீரலின் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனை செய்வியுங்கள். கொழும்பின் ஈரக்காற்று தூசு உண்ணிக்குத் தோதானது. விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகைச் சுடுநீரில் தோயுங்கள். பச்சைத் தண்ணீர் உண்ணியின் எச்சத்தைக் கழுவும், உண்ணியைக் கொல்லாது.

கேள்வி: மைக்ரோ ஆர்என்ஏ மருந்து உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒவ்வாமைக்கு அனுமதி பெற்றது ஒன்றும் இல்லை. எலிகளில் மிர்-126ஐத் தடுத்தபோது மூச்சுக்குழாய் அழற்சி குறைந்தது, அவ்வளவே.