எட்டு லட்சத்துக்கு லீஸா, மாதம் 14,000 வாடகையா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவருக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 15 அன்று சேர வேண்டும். பிடித்தம் போகக் கையில் 52,000 வரும். மகளுக்கு மூன்று வயது, பள்ளிக்கூடம் அடுத்த வருடம்தான். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் ஆறு, ஏழாயிரம் சம்பாதிக்கிறேன். இங்கே வாடகை 6,500. சென்னையில் விசாரித்தால் இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சோழிங்கநல்லூரில் 19,000, மேடவாக்கம் பக்கம் 14,000, கூடுவாஞ்சேரியில் 10,000 என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தரகர், பெரும்பாக்கத்தில் 8 லட்சம் கொடுத்தால் இரண்டு வருடம் வாடகையே இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் லீஸ் வீடு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஆடி பிறந்தால் வீடு கிடைக்காது, இப்போதே 20,000 டோக்கன் போடுங்கள் என்று அவசரப்படுத்துகிறார். எங்களிடம் 3 லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்கு என் நகையை வங்கியில் வைக்கலாம் என்கிறார் கணவர். அது வேண்டாமென்றால் ஆபீஸ் பக்கத்திலேயே 19,000-க்குப் பார்த்துவிடலாம், ஹெச்ஆர்ஏ-வில் (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரி கழியும் என்கிறார். எனக்கு இரண்டுமே மனதுக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். லீஸ் கணக்கை அவர் தப்பாகப் போடவில்லை. நகைக்கடன் 5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 50,000. டெபாசிட்டை எடுப்பதால் நீங்கள் இழக்கும் வட்டி, 6.5 சதவீதம் என்றால், 19,500. இரண்டும் சேர்த்து 69,500, அதாவது மாதம் 5,800 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 14,000 வாடகை வீட்டோடு ஒப்பிட்டால் மாதம் 8,200 மிச்சம். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 2 லட்சம். சென்னையில் இத்தனை பேர் லீஸ் வீடு தேடி அலைவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் அந்த 2 லட்சத்துக்காக நீங்கள் வெளியே விடுவது 8 லட்சம். குடும்பத்தின் மொத்தக் கையிருப்பும் அதுதான். அது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள்.

உங்கள் ஊரில் ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ் என்கிறார்கள். ஊரில் ஒத்திக்கு வீடு வாங்கினால், கொடுத்தவர் யார், அவர் வயல் எங்கே, மைத்துனர் யார் என்று தெருவுக்கே தெரியும். சென்னையில் தெரிவது தரகரின் போன் நம்பர் மட்டும்தான். ஒருவருக்கு மாத வாடகை வேண்டாம், 8 லட்சம் மொத்தமாக வேண்டும் என்றால், அவருக்கு எங்கோ பணமுடை என்று அர்த்தம். பல நேரம் அந்த வீட்டின் மேலேயே வங்கிக் கடன் இருக்கும். அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பதிவு செய்யாத லீஸ் காகிதத்தோடு நிற்பவருக்கு அங்கே பெரிய மரியாதை கிடைக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதிக்கு, தாங்கள் இருந்த வீடு அடமானத்தில் இருக்கிறது என்பதே கதவில் வங்கி ஒட்டிய நோட்டீஸைப் படித்தபோதுதான் தெரிந்தது.

இன்னொரு வகை இதைவிட மோசம். இடையில் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்துக்கொண்டு, உங்களிடம் லீஸ் என்று 8 லட்சம் வாங்கிக்கொள்வார். உங்கள் பணத்திலிருந்தே மாதாமாதம் உரிமையாளருக்கு வாடகை போகும். ஒரு நாள் அது நிற்கும். மறுமாதம் உரிமையாளர் உங்கள் வாசலில் நிற்பார். அவரைப் பொறுத்தவரை நீங்கள் வாடகை கட்டாத குடித்தனக்காரர்.

லீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. உரிமையாளரை நேரில் பார்த்து, அசல் பத்திரத்தைப் பார்த்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தால் யோசிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். இவ்வளவையும் 600 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு போனிலேயே முடிக்க முடியாது. அதனால் இந்த வருடம் உங்களுக்கு லீஸ் இல்லை. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஹெச்ஆர்ஏ விஷயத்துக்கு இரண்டு வரி போதும். புதிய வரி முறையில் ஹெச்ஆர்ஏ விலக்கே கிடையாது. உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அந்த முறையில் வருமான வரியே வராது, 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வருமானம் வரைக்கும் அப்படித்தான். கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

இப்போது வாடகைக்கு வருவோம். நீங்கள் எழுதிய மூன்று தொகைகளைப் பார்த்தால் கூடுவாஞ்சேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் 9,000 வித்தியாசம். ஆனால் கூடுவாஞ்சேரியிலிருந்து ஆபீஸுக்குப் போக 30 கிலோமீட்டருக்கு மேல், வரவும் அவ்வளவு. மாதம் 24 நாள் பைக்கில் போனால் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் பெட்ரோலுக்கே 3,300 ரூபாய் வரும். ஆயில், டயர், சர்வீஸ் சேர்த்து 4,000. ஆக 10,000 வாடகை 14,000 ஆகிவிட்டது. மேடவாக்கத்திலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான், பெட்ரோல் ஆயிரத்துக்குள் முடியும். அங்கே மொத்தம் 15,000. சோழிங்கநல்லூரில் 19,000. கூடுவாஞ்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் உண்மையான வித்தியாசம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக அவர் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாலையில் இருக்க வேண்டுமா? மகள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வரும் அப்பாவாக அவரை ஆக்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓஎம்ஆர் (சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பேருந்து விடுகின்றன. சேரும் முன்பே எந்தெந்த இடத்தில் பேருந்து நிற்கும் என்ற பட்டியலை ஹெச்ஆரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தாம்பரத்திலோ வண்டலூரிலோ நிறுத்தம் இருந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும்.

மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் பார்ப்பதென்றால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே பல தெருக்கள் தண்ணீரில் நின்றன. இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எல்லா வீட்டுக்காரருக்கும் தன் தெரு மேடுதான். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம், 'மிக்ஜாமுக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேட்டால் கையால் அளந்தே காட்டுவார். எந்த வீடு காலியாகப் போகிறது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். தரகரிடமும் செயலியிலும் வராத, டூலெட் போர்டு மட்டும் தொங்கும் வீடுகள்தான் பெரும்பாலும் இரண்டாயிரம் குறைவாக இருக்கும். அதற்கு ஆள் அந்தத் தெருவில் நடக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் அவர் மட்டும் போகட்டும். பாப்பாவுக்கு இன்னும் பள்ளி இல்லாதது உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. ஓஎம்ஆர் பக்கம் சாப்பாட்டோடு பகிர்ந்து தங்கும் பிஜிக்கு மாதம் 8,000 என்று வையுங்கள். இங்கே ஒரு வாடகை, அங்கே ஒரு வாடகையா என்று தோன்றும். அவசரத்தில் தப்பான வீட்டைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்: சீக்கிரம் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை பிடித்தம், பெயிண்டிங் என்று இன்னொரு மாதம், புதுத் தரகருக்கு ஒரு மாதம், மறுபடி வண்டிக்கூலி. 40,000-த்தைத் தாண்டும்.

தரகர் ஆடியைக் காட்டிப் பயமுறுத்துகிறார் அல்லவா? ஆடியைக் கண்டு பயப்பட வேண்டியவர் வீட்டுக்காரர். ஆடியில் குடிபுக ஆள் வரமாட்டார்கள், ஒரு மாத வாடகை போய்விடும் என்பது அவர் கவலை. ஆனி பிறப்பதும் உங்கள் கணவர் வேலையில் சேர்வதும் ஜூன் 15-ஐ ஒட்டியே வருகின்றன. நான்கு ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு, ஆனி கடைசி வாரத்தில், ஜூலை 10 வாக்கில் உட்கார்ந்து பேசினால் வாடகையில் ஐந்நூறு, ஆயிரம் இறங்கும், அட்வான்ஸும் இறங்கும். ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் மட்டும் காய்ச்சிவிட்டால் சாமான் எப்போது வந்தாலும் கேட்பாரில்லை. உங்கள் வீட்டில் ஆடி பார்க்க மாட்டார்கள் என்றால் பேரம் இன்னும் உங்கள் பக்கம்தான்.

அட்வான்ஸுக்கு வருவோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். நடப்பில் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், மூன்றில் ஆரம்பித்துப் பேசுங்கள். பெயிண்டிங் பிடித்தம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இது எழுதப்படாமல் இருப்பதுதான் கடைசி நாள் சண்டைக்கு விதை.

தையல் மெஷின் ஓடும் வீடு என்பதால் கரண்ட் உங்களுக்கு முக்கியம். தனி ஈபி இணைப்பு இருக்கிறதா, வீட்டுக்காரரே வைத்த உள் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 300 யூனிட் ஓடினாலும் பில் ஆயிரத்துக்குள் வரும். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கும் வீட்டில் அதே 300 யூனிட் 2,700. மாதத்துக்கு 850 ரூபாய் மறைமுக வாடகை அது. அடுக்குமாடி என்றால் போன ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர்ச் செலவு அதில்தான் தெரியும். வீட்டில் தைப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு 'கடை வைத்திருக்கிறார்கள்' என்று பேச்சு வரக்கூடாது. முதல் ஆறு மாதம் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாளையங்கோட்டையில் உங்கள் அளவு எடுக்கும் கையை நம்பி வந்தவர்கள் சென்னைக்கு வரப்போவதில்லை, அங்கே புதிதாகப் பிடிக்க வேண்டும்.

மொத்தச் செலவு இவ்வளவுதான்: அட்வான்ஸ் பேரம் படியாமல் ஐந்து மாதமே ஆனாலும் 70,000, முதல் மாத வாடகை 14,000, தரகர் வழியாகப் போனால் இன்னொரு 14,000, பிஜி 8,000, சாமான் ஏற்றிப்போக 30,000, சில்லறைச் செலவு 10,000. கூட்டினால் 1,46,000. நெல்லையில் சரக்கு இறக்கிவிட்டுச் சென்னைக்குக் காலியாகத் திரும்பும் ரிட்டர்ன் லோடு வண்டி கிடைத்தால் அந்த 30,000-த்தில் நன்றாகவே குறையும். டெபாசிட்டில் பாதியை மட்டும் எடுங்கள். ஒரே ரசீதாக இருந்தால் உடைத்து, மீதி ஒன்றரை லட்சத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அட்வான்ஸ் சீக்கிரம் திரும்பாத பணம் என்பதால் டெபாசிட் மேல் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக அந்த 20,000 டோக்கன். வீட்டுக்குள் காலடி வைக்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 'மிலிட்டரியில் இருக்கிறேன், கேட் பாஸுக்குப் பணம் போடுங்கள், திரும்ப வந்துவிடும்' என்று யாராவது ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் க்யூஆர் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். உங்கள் தரகர் யோக்கியராகவே இருக்கலாம். 'ஜூன் 15-க்கு மேல் என் கணவர் நேரில் வந்து வீட்டுக்காரரைப் பார்ப்பார், சர்வே நம்பரையும் பத்திர நகலையும் அனுப்புங்கள், வில்லங்கம் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் வந்தால் பேசலாம். வராவிட்டால் 20,000 உங்களிடமே இருக்கும், பிஜி வாடகை போக 12,000 மிச்சம்.