சர்வீசுக்கு விட்ட காரில் மெக்கானிக் கூடுதல் வேலைகளைச் சொன்னால் எப்படிக் கையாள்வது?

நான் நேரில் போய்ப் பார்க்காமல் எதற்கும் சம்மதிப்பதில்லை. அந்தப் பழக்கம் வந்த கதையிலேயே உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

40,000 கிலோமீட்டர் சர்வீசுக்காகக் காரை விட்டுவிட்டு அலுவலகத்தில் இருந்தேன். பதினொரு மணிக்கு சர்வீஸ் அட்வைசர் அழைத்து, முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய வேண்டும், இன்ஜினின் உள்கசடைக் கழுவும் இன்ஜின் ஃப்ளஷ் செய்தால் நல்லது என்று ஒரே மூச்சில் அடுக்கி, "சரி என்றால் வேலையைத் தொடங்கிவிடுகிறோம் சார்" என்றார். எஸ்டிமேட்டுக்கு மேல் 11,000 ரூபாய் கூடும் என்பது நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டி லிஃப்டில் நின்றது, முன்சக்கரங்கள் கழற்றப்பட்டிருந்தன. "பேடு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?" என்று கேட்டதும் அட்வைசர் மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் பேடைக் கழற்றி, கரியைத் துணியால் துடைத்து, ஸ்கேலை வைத்துக் காட்டினார். தேயும் பகுதி 6 மில்லிமீட்டர் இருந்தது. புதிய பேடில் அது ஏறத்தாழ 10 இருக்கும். 3-ஐ நெருங்கும்போது மாற்றுவதுதான் வழக்கம். "அடுத்த சர்வீசில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

பிறகு டேஷ்போர்டிலிருந்து கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணையைப் பிரித்தேன். இன்ஜின் ஃப்ளஷ் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கொதிநிலை குறைந்துபோகும் என்பதால், பிரேக் சூடேறும் மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு அவசியமான வேலை. அவர்கள் தந்த நீளமான பட்டியலில் அது மட்டும் விடுபட்டிருந்தது!

இதனால் எல்லா மெக்கானிக்கையும் சந்தேகிக்கத் தொடங்கினேன். அதற்கும் விலை கொடுத்தேன். மதுரையில் எங்கள் தெருமுனை மெக்கானிக் வாட்டர் பம்பின் அடியில் காய்ந்திருந்த பச்சைக் கறையைக் காட்டி, "கூலன்ட் கசிகிறது சார், நீண்ட பயணம் போவதற்குள் மாற்றிவிடுங்கள்" என்றார். இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று எண்ணித் தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் திண்டுக்கல் போகும் வழியில், கொடைரோடு அருகே வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. 1,800 ரூபாய்க்கு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, வண்டியை இழுத்துவந்த வாடகை மட்டுமே 3,500 ஆனது. அவர் கண்முன் காட்டியதையும் நான் நம்பவில்லை என்பதை வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஆகவே இப்போது பிரேக், ஸ்டீயரிங், டயர், கசிவு ஆகியவற்றில் கோளாறு என்று காட்டினால் அன்றே செய்யச் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றுக்கு, "மூன்று மாதம் தள்ளினால் என்ன ஆகும்?" என்று கேட்கிறேன். வேலை தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். "செய்தால் நல்லது சார்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லையென்றால் நான் வேண்டாம் என்றுவிடுவேன். ஒப்புக்கொண்ட வேலையையும் அதன் தொகையையும் தொடங்கும் முன்பே, வண்டிக்குச் செய்யும் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும், ஏனெனில் பில் வந்தபின் வாதாடுவதில் பெரும்பாலும் பயனில்லை. கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்கும்படி வண்டியை விடும்போதே சொல்லிவிடுவேன். அந்த பிரேக் பேடுகளும் அப்படித்தான் 66,000 கிலோமீட்டர் ஓடியபின் டிக்கிக்கு வந்து சேர்ந்தன.