கெம்னிட்ஸில் ஒரு ஜெர்மன் நண்பர் – கடிதம்

வணக்கம் சார்,

ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் எம்பெடட் சிஸ்டம்ஸ் முதுகலை படிக்கிறேன். வகுப்பு முழுக்க ஆங்கிலம். விடுதியில் நம்மவர்கள் நிறையப் பேர். சமையல், சினிமா, கிரிக்கெட் என்று தமிழிலேயே பொழுது போய்விடுகிறது. ஜெர்மன் மொழியில் ஏ1 எனும் தொடக்க நிலைத் தேர்வை முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கடையில் ஜெர்மனில் வாயைத் திறந்தால் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். கூடப் படிக்கும் ஜெர்மன் மாணவர்கள் புராஜெக்ட் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வருடம் ஒன்றாகப் போகிறது, ஒரு ஜெர்மன் நண்பர்கூட இல்லை. இவர்கள் ஒட்டாத ஜனமா, என்னிடம்தான் குறையா? மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டு பிறகு பழகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: காத்திருக்காதீர்கள். பி1 என்கிற இடைநிலைத் தேர்வு முடிந்த பிறகு பழகலாம் என்று இருந்த சிலர், பி1 சான்றிதழோடு அதே விடுதி அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. அங்கேயே பட்டம் வாங்கி, தகுந்த வேலையில் 2 வருடம் இருந்தவர்கள் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும்போது பி1 தேவைப்படும். ஆனால் தேர்வு ஜெர்மன் வேறு, பக்கத்தில் நிற்பவர் பேசும் ஜெர்மன் வேறு. அதுவும் நீங்கள் இருப்பது சாக்ஸனி மாநிலம். வல்லினமெல்லாம் அங்கே குழைந்து வரும்.

ஒட்டாத ஜனம் என்ற புலம்பலை நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. வகுப்பு அவர்களுக்கு வேலை செய்யும் இடம், வேலை முடிந்தால் கிளம்புவார்கள். பழக்கமெல்லாம் 'ஃபெரைன்' என்கிற சங்கங்களில்தான். 7 பேர் சேர்ந்தால் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம். நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. சேர்ந்திசை, வாலிபால், சதுரங்கம், தன்னார்வத் தீயணைப்பு, எதுவானாலும் வாராவாரம் அதே கிழமை, அதே ஆட்கள். முதல் நாள் உங்களை யாரும் விழுந்து விழுந்து வரவேற்க மாட்டார்கள். தொடர்ந்து போனால், வராத வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

உங்கள் படிப்புக்கு இன்னொன்று பொருந்தும்: ரிப்பேர் கஃபே, பழுதான பொருட்களைக் கூடி உட்கார்ந்து சரிசெய்யும் இடம். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஜெர்மனியில் ஊர் ஊராகப் பரவியது. உடைந்த பொருளைக் கொண்டுவருபவர் கொடுத்துவிட்டுப் போக முடியாது, பழுதுபார்ப்பவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். லைப்சிக்கில் ஒன்றில் பார்த்தேன். கிழக்கு ஜெர்மனி காலத்துக் கை மிக்சரோடு ஒரு பாட்டி. எதிரே ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு இந்திய மாணவர். எப்போதிருந்து ஓடவில்லை, சத்தம் வந்ததா, புகை வந்ததா என்று அவர் கேட்டே ஆக வேண்டும். பாட்டி மிக்சரில் ஆரம்பித்து, அது கல்யாணப் பரிசு என்பதில் போய், பேரன் கேக் சாப்பிடாதவன் என்பதில் நின்றார். பையனுக்குப் பாதி புரிந்திருக்கலாம். பாட்டி அதைச் சட்டை செய்யவே இல்லை. மோட்டாரில் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அடுத்த முறை வாங்கி வருவதாக ஏற்பாடு.

இதில் உங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கிழக்கு ஜெர்மனியில் இருந்த கெம்னிட்ஸுக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர். அந்தக் காலத்தில் பள்ளியில் 5ஆம் வகுப்பிலிருந்து ரஷ்ய மொழி கட்டாயம். ஆகவே இன்று அறுபது எழுபது வயதில் இருக்கும் பலருக்கு ஆங்கிலத்துக்குத் தாவ வழியே இல்லை. நேரமும் நிறைய. உங்கள் வயதுக்காரர்களிடம் மட்டுமே நட்பு தேடுவதை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறினால் நீங்கள் ஜெர்மனிலேயே தொடருங்கள், அவர் உதவுவதாக நினைத்துத்தான் மாறுகிறார். வரிசை நீளமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

தமிழ் நண்பர்களை விடச் சொல்லும் ஆசாமி நானில்லை. காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தருவது அவர்கள்தானே. ஆனால் ரிப்பேர் கஃபேக்கோ வாலிபாலுக்கோ போகும்போது அவர்களில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகாதீர்கள், மூலையில் நின்று தமிழில் பேசிவிட்டுத் திரும்புவீர்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளுக்குச் செமஸ்டர் தொடக்கத்தில் ஆன்லைனில் பதிவு திறக்கும்; மாணவர் கட்டணம் குறைவு, இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதியை இன்றே பார்த்து வையுங்கள்.