காலையில் இறுக்கிய செயின் சாயங்காலம் தொங்கினால்

எக்ஸ்கவேட்டர் ஊர்ந்து ஓடும் இரண்டு செயின்களில் இடது செயின் மட்டும், காலையில் கிரீஸ் அடித்து இறுக்கினாலும் சாயங்காலத்துக்குள் தொங்குகிறது என்றால், அடித்த கிரீஸ் வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம். தேய்மானம் ஒரே நாளில் இவ்வளவு காட்டாது. பெரும்பாலும், கிரீஸ் அழுத்தத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் சிலிண்டரின் சீல் போயிருக்கும், இல்லையென்றால் கிரீஸ் அடிக்கும் வால்வு சரியாக உட்காரவில்லை.

எது என்று பார்க்க, வால்வை மறைக்கும் மூடியைத் திறந்து, அதைச் சுற்றியுள்ள பழைய கிரீஸையும் சேற்றையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். வழக்கம்போல் இறுக்கி அரை நாள் ஓட்டுங்கள். வால்வு வாயில் புது கிரீஸ் கசிந்திருந்தால் வால்வுதான், சின்ன வேலை. அங்கே காய்ந்திருந்து, ஐட்லர் (செயினின் முன்பக்கச் சக்கரம்) பக்கம் ஃபிரேமுக்குள் வழிந்திருந்தால் சீல். அதற்குச் செயினைக் கழற்றியாக வேண்டும், செலவு கொஞ்சம் இழுக்கும்.

தொங்கலை அளக்கும் முன் பக்கெட்டை ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கி, செயினைச் சுற்றவிட்டு மண்ணை உதிர்த்துவிடுங்கள். அளவு மேனுவலில் உள்ளதுதான். களிமண் சைட்டில் விறைப்பாக இறுக்காதீர்கள். மண் அப்பினால் தானாகவே இறுகி ஐட்லரையும், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் தின்றுவிடும்.

அப்புறம், கிரீஸை வெளியேற்றும்போது வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். உள்ளே கடும் அழுத்தம், தெறித்தால் ஆளையே கொல்லும். முகத்தை நேரே வைக்காமல் பக்கவாட்டில் இருந்து மெதுவாகத் திருகுங்கள். அழுத்தம் முழுக்க இறங்காமல் வால்வைக் கழற்றவே வேண்டாம்.